தெரியாத மாட்டைத் தொடும் முன்

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு மருந்தகம், பண்ணை, முகாம் என்று பயிற்சி மருத்துவராகச் சுற்றும் காலம். அதுவரை நீங்கள் தொட்டுப் பழகியவை பெரும்பாலும் கல்லூரி மாடுகள். அவை எத்தனையோ அணி மாணவர்களைப் பார்த்தவை. நாலு பேர் சுற்றி நின்று ஸ்டெதாஸ்கோப் வைத்தாலும் அசை போடுவதை நிறுத்தாது. ஊருக்குள் போனால் கதை வேறு. கொட்டகையில் நிற்கும் மாட்டுக்கு அந்த வீட்டு ஆட்கள் மூன்று நான்கு பேரைத்தான் தெரியும். அதிலும் தீனி வைத்துப் பால் கறக்கும் ஒருவரைத்தான் முழுதாக நம்பும். மருந்து வாடையோடும் கையில் பையோடும் உள்ளே நுழைகிற உங்களை அது நம்ப எந்தக் காரணமும் இல்லை.

"பிராணிகள்மேல் பாசம் இருந்தால் போதும், அவற்றுக்கே தெரிந்துவிடும்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பாசம் உங்கள் மனதுக்குள் இருக்கிறது. மாடு பார்ப்பது உங்கள் கையையும் காலையும். பத்து நிமிடத்தில் எந்த மாடும் உங்களோடு சிநேகமாகிவிடாது. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. பயமுறுத்தாத வேற்றாளாக நீங்கள் இருந்தால் அதற்கும் போதும், உங்களுக்கும் போதும்.

இதை வெறும் ஜீவகாருண்யம் என்று எண்ண வேண்டாம். மிரண்ட மாட்டின் நாடித்துடிப்பும் மூச்சும் ஏறும். துரத்திப் பிடித்துக் கட்டினால் உடல் வெப்பமும் ஏறும். 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டிய மாடு 103 காட்டினால் காய்ச்சல் என்று எழுதிவிடுவீர்கள். பயந்த பூனையின் ரத்தச் சர்க்கரை, நீரிழிவோ என்று சந்தேகிக்கும் அளவுக்கு உயரும். மடியில் பால் இறங்க ஆக்ஸிடோசின் சுரக்க வேண்டும். பயத்தில் அட்ரினலின் கிளம்பிவிட்டால் பால் இறங்காது. மடிநோய்க்குப் பால் மாதிரி எடுக்கப் போய் மாட்டை மிரட்டிவிட்டால், வெறுங்குப்பியோடுதான் திரும்ப வேண்டும். பழகுவதும் நோயறிவதும் ஒரே வேலை என்பதை முதல் நாளிலேயே புரிந்துகொண்டால் பிறகு பாதித் தொல்லை இல்லை.

வாசலில் நின்று பார்க்க வேண்டியவை

வண்டியைத் தொழுவத்தின் வாயில்வரை ஓட்டிப் போகாதீர்கள். தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். போனதும் மாட்டிடம் போகாமல், மாட்டின் கண்ணில் படும்படி நின்று வீட்டுக்காரரோடு பேசுங்கள். அவர் குரல் இயல்பாக இருப்பதை மாடு கேட்கும். நீங்கள் பாய்ந்து வரவில்லை என்பதையும் பார்க்கும். அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் கண்ணுக்கு நிறைய வேலை இருக்கிறது.

வயிற்றோரம் ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். தொட்ட பிறகு எண்ணினால் அது வேறு கணக்கு. அசை போடுகிறதா, காடியில் தீனி மிச்சம் இருக்கிறதா, சாணம் எப்படி இருக்கிறது, மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். முதுகை வளைத்து, முன்னங்கால்களின் முழங்கையை வெளிப்புறம் தள்ளி நிற்கிறதென்றால் கம்பியோ ஆணியோ விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் அங்கேயே எழ வேண்டும். தாடைக்கு அடியில் நீர் கோத்தது போல் வீக்கமா? குடற்புழு, ரத்தச்சோகை பக்கம் யோசியுங்கள். மாடு இரையாகும் இனம். வேற்றாள் கிட்டே வந்ததும் வலியை மறைத்து விறைத்து நிற்கும். எட்ட நின்றபோது தெரிந்த குறிகளில் பாதி, நீங்கள் கைவைத்த பிறகு காணாமல் போயிருக்கும்.

யாரிடம் என்ன கேட்பது

மாட்டைப் பற்றிய தகவல் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களிடம்தான் இருக்கும். ஆண்கள் வாங்கிய விலையைச் சொல்வார்கள், நேற்றிரவு மாடு எத்தனை முறை படுத்து எழுந்தது என்று பெண்கள் சொல்வார்கள். பேச்சு இப்படிப் போகும்:

"எந்தப் பக்கம் உக்காந்து கறப்பீங்கக்கா?"

"இந்தப் பக்கந்தான் தம்பி. அந்தப் பக்கம் யாரையும் அண்ட விடமாட்டா."

"முன்னாடி ஊசி போட்டப்ப எப்படி இருந்தா?"

"கயித்த அத்துட்டுப் போயிட்டா. எங்க அத்தை வந்து கூப்பிட்டதுக்கப்பறந்தான் நின்னா."

இந்த நாலு வரியில் அன்றைய சிகிச்சைக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. கறக்கும் பக்கமாகப் போக வேண்டும். ஊசியை மாடு மறந்திருக்காது. அத்தையை அழைத்து வந்து தலைப்பக்கம் நிறுத்த வேண்டும். மாட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டு, அத்தை கூப்பிடுகிற அதே இழுவையில் நீங்களும் கூப்பிட்டுப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கன்று ஈன்று சில நாளே ஆன மாடென்றால் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டு முழுக்கச் சாதுவாக இருக்கும் பசுகூட அந்த நாட்களில் முட்டும். கன்றைத் தாயின் கண்முன்னே கட்டச் சொல்லுங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். இன்னொன்று, சந்தையில் பிடித்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத மாடு. அதற்கு வீட்டுக்காரரும் வேற்றாள்தான். அவர் தலைப்பக்கம் நிற்கிறார் என்று நம்பிப் பின்னால் போகக் கூடாது.

உதவிக்கென்று கம்போடு வரும் பக்கத்து வீட்டு ஆண்களை மரியாதையாக அனுப்பிவிடுங்கள். "அண்ணே, ஒரு வாளி வெந்நீர் வேணுமே" என்று கேட்டால் கிளம்பிவிடுவார்கள். வெந்நீர் எப்படியும் தேவைப்படும்.

மாட்டின் கண், மாட்டின் காது

மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 330 டிகிரி வரை அது பார்க்கும். நேர் பின்புறமும் மூக்குக்கு முன்னால் சிறு பகுதியும்தான் தெரியாத இடம். பின்னாலிருந்து சத்தமில்லாமல் போய் வாலைப் பிடிப்பவர் உதை வாங்குவதற்கு இதுவே காரணம். நேர் முன்னால் கண்ணோடு கண் பார்த்து நடந்து வருவதும் தவறு. வேட்டை விலங்கு அப்படித்தான் வரும். பக்கவாட்டில், தோள்பட்டையைக் குறிவைத்துச் சாய்வாகப் போங்கள். வாயை மூடிக்கொள்ளாமல் தணிந்த குரலில் எதையாவது பேசிக்கொண்டே போங்கள். பாடத்தைச் சொன்னாலும் சரிதான்.

ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மாடு விலகும், விலக வழியில்லாவிட்டால் திருப்பித் தாக்கும். அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் உலகெங்கும் பண்ணையாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த முக்கியமான பாடம் இந்த எல்லைதான். மேய்ச்சல் மாட்டுக்கு அது பல அடி தூரம். கட்டிப் பழகிய கறவை மாட்டுக்குக் கையெட்டும் தூரம். அந்த எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்பதைத் தலை தூக்கல், காது விறைப்பு, கயிற்றின் இறுக்கம் ஆகியவை சொல்லிவிடும். அங்கேயே நில்லுங்கள். மாடு மூச்சு விட்டுத் தளர்ந்ததும் நீங்கள் ஓர் அடி பின்னால் வாருங்கள். இதுதான் பலருக்குக் கைவராத பழக்கம். நின்றதற்குக் கிடைத்த பலன் இந்த ஆள் விலகியது என்று மாடு கற்றுக்கொண்டால், அடுத்த முறை இன்னும் கிட்டே விடும்.

சப்தத்திலும் கவனம் வேண்டும். தகர வாளி உருள்வது, கேட் மோதுவது, கைபேசி மணி இவை மனிதக் காதைவிட மாட்டுக் காதை அதிகம் உறுத்தும். உடையையும் மாடு கவனிக்கும். தீனி தந்தவரையும் வதைத்தவரையும் உடையின் நிறத்தை வைத்தே மாடுகள் பிரித்தறிவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே பண்ணையில் வாரக்கணக்கில் பயிற்சி என்றால், ஊசி போடும் நாளில் மட்டும் போய் நிற்காதீர்கள். கோட்டைக் கழற்றிவிட்டு, தவிடு புண்ணாக்கு வைக்கும் நேரத்தில் போய் வாளி தூக்குங்கள், சாணம் அள்ளுங்கள். பண்ணைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கைவைப்பது

முதல் தொடுதல் தோளில், உள்ளங்கை முழுவதும் படும்படி, சற்று அழுத்தமாக இருக்க வேண்டும். பட்டும் படாமலும் விரல் நுனியால் தொட்டால் ஈ உட்கார்ந்தது போல் தோல் சிலிர்க்கும், வால் வீசும். வைத்த கையை எடுக்காதீர்கள். தோளிலிருந்து கழுத்துக்கு அடியில் தொங்கும் அலைதாடிப் பக்கம் கொண்டு போய்த் தடவுங்கள். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொள்வது பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும்தான். வியன்னாவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்விலும், கழுத்தின் அடிப்பகுதியைத் தடவியபோதுதான் கறவை மாடுகள் கழுத்தை நீட்டிக் காதைத் தொங்கவிட்டு நின்றன. நம் ஊர்க் கிழவிகள் எந்த ஆய்வும் படிக்காமல் அங்கேதான் சொறிந்து கொடுக்கிறார்கள்.

அங்கிருந்து கை முதுகு வழியாகப் பின்னால் நகரும். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில் முட்டியை அழுத்தி வைத்து முதல் இரைப்பையின் அசைவைக் கவனிக்கலாம். மாட்டுக்கு அது தடவலின் தொடர்ச்சி, உங்களுக்குப் பரிசோதனை. மடிக்குப் போவதாக இருந்தாலும் தொடையிலிருந்து கையை இறக்கிக்கொண்டே போங்கள். வெறும் வெளியிலிருந்து மடியில் கை தாவக் கூடாது.

மாடு உதைக்கும்போது பின்னங்காலை முன்னால் கொண்டுவந்து பக்கவாட்டில் வீசும். குதிரை நேர் பின்னால் உதைக்கும். ஆகவே மாட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, இடுப்புக்கு நேராக நிற்பதுதான் மிக மோசமான இடம். உதையின் முழு வேகமும் அங்கேதான் விழும். ஒன்று உடலோடு ஒட்டி நில்லுங்கள், அல்லது எட்டாத தூரத்தில் நில்லுங்கள். வெப்பமானி வைக்கும்போதும் பக்கவாட்டில் நின்று, வாலின் அடியை மெல்லத் தூக்குங்கள். வாலை முறுக்கினால் மாடு அடங்கும் என்று யாராவது சொல்லித் தருவார்கள். முறுக்கினால் வாலெலும்பு உடையக்கூடும்.

ஊசிக்கு முன் குத்தப் போகும் இடத்தைக் கையால் இரண்டு மூன்று முறை தட்டிவிட்டு, அதே தாளத்தில் வெறும் ஊசியைச் செலுத்துங்கள். மாடு அசைந்து அடங்கிய பிறகு சிரிஞ்சை மாட்டலாம். போட்டு முடித்ததும் ஓடிவிடாதீர்கள். இடத்தைத் தேய்த்துவிட்டு, கழுத்தைத் தடவி, வீட்டுக்காரம்மா கையால் ஒரு பிடி தீவனம் வைக்கச் சொல்லிவிட்டு நகருங்கள். வலியோடு முடிந்த சந்திப்பை மாடு நீண்ட நாள் நினைவில் வைத்திருக்கும்.

இனத்துக்கு இனம் குணம் மாறும். ஜெர்சி கலப்பினம் பொதுவாக ஆளுக்குப் பழகியது. அந்தியூர் மலைக் காட்டில் பட்டியில் அடைத்து வளர்க்கும் பர்கூர் மாட்டையும், மந்தையாக மேயும் புலிக்குளம் மாட்டையும் ஜெர்சி என்று நினைத்து நெருங்கக் கூடாது. நீலகிரியில் தோடர்களின் எருமை அவர்களிடம் குழந்தை போல் நிற்கும், வெளியாளைக் கண்டால் கூட்டமாகத் திரும்பும். பொதுவாக எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு. நண்பகல் வெயிலில் கட்டியிருந்த எருமையைச் சோதித்தால் வெப்பமும் ஏறியிருக்கும், பொறுமையும் போயிருக்கும். குளத்தில் கிடந்து வரட்டும், அல்லது நாலு குடம் தண்ணீர் ஊற்றி நிழலில் கட்டிவிட்டுப் பாருங்கள்.

முகாம் நாள்

இவ்வளவும் சாவகாசமாக ஒரு மாட்டைப் பார்க்கும்போது சரி. தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி போடுகிறார்கள். அன்று விடியற்காலையிலேயே தெருவெல்லாம் மாடாக நிற்கும். பழக நேரம் எங்கே என்று கேட்பீர்கள். அங்கே மாட்டோடு பழகுவதற்குப் பதிலாக வரிசையோடு பழக வேண்டும். சாதுவான மாடுகளை முதலில் முடியுங்கள். முரட்டு மாட்டை முதலில் பிடித்துக் கலவரமாக்கினால் மற்றவை அத்தனையும் மிரளும். மிரண்ட மாட்டின் மூத்திர வாடைகூட அடுத்த மாட்டைத் தயங்க வைக்கும். மருந்தகத்து இரும்புச் சட்டத்துக்குள் மாடு நுழைய மறுத்தால் அடிப்பதற்கு முன் தரையைக் கழுவிவிடுங்கள். நுழைவாயிலில் நிழலோ தேங்கிய தண்ணீரோ கிடக்கிறதா என்றும் பாருங்கள். மாட்டுக்கு அது பள்ளமாகத் தெரியலாம். ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது காலணியைக் கிருமிநாசினியில் நனைக்காமல் போனால், நோயைத் தடுக்கப் போன நீங்களே நோயைச் சுமந்து போவீர்கள்.

ஆடு, நாய், பூனை

ஆட்டுக்கு மந்தைதான் தைரியம். ஒன்றை மட்டும் பிரித்துத் தூக்கி வந்தால் அது கத்தியே களைத்துவிடும், மூச்சை எண்ண முடியாது. இரண்டாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொம்பையோ காதையோ கம்பளியையோ பிடித்து இழுக்காமல், தாடைக்கடியில் ஒரு கையும் பின்புறம் ஒரு கையுமாகப் பிடியுங்கள். செம்மறியை மந்தபுத்தி என்று சொல்வது வழக்கம். ஆனால் செம்மறிகள் ஐம்பது ஆடுகளின் முகத்தை இரண்டு ஆண்டுவரை மறக்காமல் இருந்ததைக் கீத் கெண்ட்ரிக் குழுவினர் 2001இல் காட்டினார்கள். கிடை போட்டு ஆடு மேய்க்கும் கீதாரிகளுடன் ஒரு நாள் நடந்து பாருங்கள். நொண்டும் ஆட்டை அவர்கள் எவ்வளவு தூரத்தில் கண்டுபிடிக்கிறார்கள் என்பது வகுப்பில் கிடைக்காத பாடம்.

நாயிடம் எல்லோரும் செய்வது, குனிந்து தலைக்கு மேல் கையைக் கொண்டு போவது. நாய்க்கு அது மிரட்டல். பக்கவாட்டாக உட்காருங்கள், வெறித்துப் பார்க்காதீர்கள், அது வந்து மோந்து பார்க்கட்டும். கையை மூக்குக்கு முன் நீட்டவும் வேண்டாம். வாலாட்டும் நாயெல்லாம் சிநேக நாயல்ல. வால் விறைத்து மேலே நின்று ஆடினால் தள்ளி நில்லுங்கள். வேளையில்லாத வேளையில் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் பயத்தின் குறிகள். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கிய நாய் எச்சரிக்காமலே கடிக்கும். வழுக்கும் மேசைமேல் நிற்பதே பல நாய்களுக்கு நடுக்கம் தரும். ஒரு சாக்கையோ ரப்பர் விரிப்பையோ போடுங்கள். பெரிய நாயைத் தரையிலேயே பாருங்கள். ராஜபாளையம் போன்றவை ஒரே ஆளுக்குக் கட்டுப்பட்டவை. அந்த ஆள் கையில் சங்கிலி இருக்கட்டும். பிஸ்கட் கொடுப்பதற்கு முன், அன்று அறுவை சிகிச்சைக்குப் பட்டினி போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பூனையைக் கூடையிலிருந்து இழுக்காதீர்கள். மூடியைத் திறந்து வைத்துவிட்டு உரிமையாளரிடம் பேசிக்கொண்டிருங்கள். பாதிப் பூனைகள் தானே வெளியே வரும். வராததைக் கூடைக்குள்ளேயே துண்டு போர்த்திப் பரிசோதிக்கலாம். பூனைக் கடி பார்க்கச் சிறிதாக இருக்கும், ஆழமாகச் சீழ் பிடிக்கும்.

பழகக் கூடாத இடம்

பயிற்சிக்குக் கிளம்பும் முன்பே வெறிநோய்த் தடுப்பூசியை முழுத் தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். தள்ளிப்போட வேண்டாம். எச்சில் ஒழுக்கிக்கொண்டு, குரல் மாறிக் கத்தி, தீனி விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டைப் பார்த்ததும் "தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது" என்று வீட்டுக்காரர் சொல்வார், உங்கள் கையும் தானாக அதன் வாய்க்குள் போகப் பார்க்கும். போக விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். தாடை தொங்கிய நாய்க்கும் இதே விதி. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கருச்சிதைவான மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடுவது புருசெல்லாக் கிருமியை வீட்டுக்கு அழைத்து வருவதாகும். சாதுவான மாடு, தெரிந்த வீடு என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது.

காட்டு விலங்குகளிடம் நீங்கள் கற்க வேண்டியது விலகி நிற்பதை. துரத்திப் பிடித்த மான், காயம் ஒன்றுமில்லாமலே, தசை சிதைந்து சில நாளில் செத்துப்போகக்கூடும். மீட்டு வந்த குட்டியைக் கொஞ்சி வளர்த்தால் அது திரும்பக் காட்டுக்குப் போக முடியாது. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைப் படித்துவிட்டுத் தெப்பக்காடு, டாப்ஸ்லிப் யானை முகாம்களுக்குப் போக ஆசைப்படும் மாணவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம். ஆனால் அந்தக் கதையின் நாயகரான டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி யானைகளோடு கழித்தது ஒரு பணிக்காலம் முழுவதும். உங்களுக்குக் கிடைக்கப்போவது சில நாட்கள். முகாமில் யானையோடு பழக முயலாமல் பாகனோடு பழகுங்கள். அவர் நில் என்ற இடத்தில் நில்லுங்கள். யானையின் உடம்புக்கு என்ன என்பதில் பாதியை அவரே சொல்லிவிடுவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிகிச்சைச் சீட்டில் வெப்பம், நாடி, மருந்து, அளவு எல்லாம் எழுதுகிறீர்கள். அதன் கீழே ஒரே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: "வலப்பக்கம் அண்டவிடாது, மாமியார் கூப்பிட்டால் நிற்கும், கழுத்தில் ஊசி ஒத்துக்கொள்கிறது." அடுத்த முறை அந்தத் தொழுவத்துக்குப் போகிறவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள், உங்கள் பயிற்சிக்காலம் முடிந்திருக்கும். வருகிறவருக்கு அந்த வரி, பையில் இருக்கும் எந்த மருந்தையும்விட முதலில் தேவைப்படும்.